தாத்தாவின் படப்பெட்டி கைக்கு வந்தாயிற்று, எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: தாத்தா, அப்பா இருவருமே எப்போதும் கேமராவும் கையுமாக இருந்தவர்கள். அவர்கள் எடுத்த படங்களில் நான்கு ஆல்பமும் ஒரு தகரப்பெட்டி நிறைய நெகட்டிவும் இப்போது என்னிடம் வந்திருக்கின்றன. என் பங்குக்குப் போனில் ஆயிரக்கணக்கில் சேர்த்து வைத்திருக்கிறேன். நல்ல ஸ்கேனர் வாங்கி எல்லாவற்றையும் ஏற்றிவிட்டால் போதுமா? பிள்ளைகளிடம் இதை எப்படி ஒப்படைப்பது?

பதில்: ஸ்கேனரைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். ஒழுங்காக வைத்திருந்த கருப்பு வெள்ளைப் பிரிண்ட் நூறு ஆண்டுகளுக்கு மேலும் தாங்கும். இரண்டாம் வரிசையில் நிற்பவர் யார் என்று சொல்லத் தெரிந்தவர் அவ்வளவு காலம் இருக்க மாட்டார். அதனால் முதல் வேலை, ஆல்பத்தைப் பக்கம் பக்கமாகப் போனில் எடுத்துக்கொண்டு, வீட்டில் மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் பேசுவதைப் பதிவு செய்வது. "இது யார்?" என்று மட்டும் கேட்டால் பெயரோடு நின்றுவிடும். "இதை எடுத்தது யார்? அன்றைக்கு யார் வரவில்லை?" என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு நீளும். குடும்பப் படங்களில் கண்ணுக்குப் படாமலே போகிறவர் கேமராவைப் பிடித்தவர்தான். உங்கள் தாத்தாவே பல பக்கங்களில் இருக்க மாட்டார். வெயிலுக்கு முதுகு காட்டி எடுத்த படங்களில், கீழ் ஓரத்தில் தொப்பி போட்ட தலையின் நிழல் தரையில் விழுந்திருக்கிறதா பாருங்கள். அது அவராக இருக்கலாம்.

கேட்டதைப் படத்தின் பின்புறம் ஓரமாக எழுதிவிடுங்கள். பழைய காகிதப் பிரிண்டுக்கு 2பி போன்ற மென்மையான பென்சில் போதும். கெட்டியான பரப்பில் கவிழ்த்து வைத்து, அழுத்தாமல் எழுத வேண்டும். பால்பாயின்ட் பேனா முன்பக்கம் வரை வரிவரியாக மேடு தட்டும். பின்னாளைய பிளாஸ்டிக் பூச்சுள்ள பிரிண்டில் பென்சில் பிடிக்காது. அவற்றை உறையிலிட்டு, விவரத்தை உறைமீது எழுதுங்கள்; ஆனால் எழுதிய பிறகுதான் படத்தை உள்ளே வைக்க வேண்டும்.

அடுத்து மூக்கைப் பயன்படுத்துங்கள். தகரப்பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால், அசிடேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆன ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதிலிருந்து கிளம்பும் அமில ஆவி பக்கத்து நெகட்டிவையும் கெடுக்கும். வாடை அடிப்பதைத் தனியே பிரித்து, காற்றோட்டமான இடத்தில் வைத்து, அதைத்தான் முதலில் ஸ்கேன் செய்ய வேண்டும். மிகப் பழைய நெகட்டிவ் மஞ்சளித்துப் பிசுபிசுத்தால் அது நைட்ரேட் ஃபிலிமாக இருக்கலாம். எளிதில் தீப்பற்றும். கோடாக் அதன் தயாரிப்பை 1951இல் நிறுத்தியது. அப்படி ஏதாவது கிடைத்தால் வீட்டில் வைத்துப் பரிசோதிக்காமல் ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள்.

அதற்குப் பிறகு வண்ணப் பிரிண்டுகள். இருட்டுப் பெட்டிக்குள் இருந்தாலும் அவற்றின் சாயம் மங்கும். 1960, 70களின் படங்கள் பல செக்கச்செவேலென்று மாறியிருப்பது, சியான் என்ற நீலப்பச்சைச் சாயம் மற்றவற்றை முந்திக்கொண்டு மங்கிப் போனதால்தான். கருப்பு வெள்ளையில் இருப்பது வெள்ளி, அது அவசரப்படுத்தாது.

பிசின் பூசிய பக்கத்தின்மேல் பிளாஸ்டிக் தாள் மூடும் ஆல்பம் இருந்தால், அதிலிருந்து படங்களை வெளியே எடுத்துவிடுவதே நல்லது. வராத படத்தை இழுக்காதீர்கள்; பல் இடுக்கு நூலைப் பின்னால் செலுத்தி, மெதுவாக அறுத்துக்கொண்டே போகலாம். அதற்கும் மசியாவிட்டால், அப்படியே பக்கத்தோடு ஸ்கேன் செய்துவிடுங்கள். கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்துக்கும் இதே வழிதான், கண்ணாடி வழியாகவே படமெடுங்கள். மாற்றி வைக்கும் உறை பாலிப்ரோப்பிலீனாகவோ அமிலமற்ற காகிதமாகவோ இருக்கட்டும், பிவிசி வேண்டாம். பரணில் ஏற்றாதீர்கள். சூடும் ஈரப்பதமும் குறைவான அலமாரி வேண்டும். ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் பூஞ்சைத் தொல்லை இராது.

இப்போது ஸ்கேனர். பிரிண்டுக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு), 35 மி.மீ. நெகட்டிவுக்கு 2400 முதல் 4000 வரை. மூலக் கோப்பைத் தரம் குறையாத டிஃப் (TIFF) வடிவில் வைத்துக்கொண்டு, பகிர்வதற்கு மட்டும் ஜேபெக் எடுங்கள். கோப்புப் பெயரில் ஆண்டும் பெயர்களும் இருக்கட்டும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு வீட்டில். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டதைப் பிரதியாகக் கணக்கில் சேர்க்காதீர்கள், படமாக அனுப்பினால் அது அளவைக் குறைத்துவிடும். முகத்தைத் தெளிவாக்கித் தரும் ஏஐ செயலிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை: மங்கிய இடத்தில் அவை போடும் கண்ணும் மூக்கும் ஊகம். கொள்ளுப்பாட்டிக்கு வேறு யாரோ ஒருவரின் முகம் வந்துவிடும். விளையாட்டுக்குச் செய்து பார்க்கலாம். மூலக் கோப்பின் மேல் சேமித்துவிடாதீர்கள். ஸ்கேன் முடிந்ததென்று நெகட்டிவைத் தூக்கியும் போடாதீர்கள்.

பிள்ளைகள் விஷயம். ஆயிரக்கணக்கான படங்களை மொத்தமாகக் கொடுத்தால் அவர்கள் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். ஆண்டுக்கு ஐம்பது படம் தேர்ந்தெடுத்து, பிரிண்ட் போட்டு, பின்னால் பெயர் எழுதுங்கள். தேர்ந்தெடுக்கும்போது பிள்ளைகளும் கூட இருக்கட்டும், "இது எதற்கு?" என்று சண்டை போடட்டும். அவ்வப்போது கேமராவை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் போய் வரிசையில் நில்லுங்கள்.