கணினி கேள்வி–பதில்: கத்துகிற திரை, கமுக்கமான வைரஸ்

இந்த முறை வந்த கடிதங்களைப் பிரித்துப் பார்த்தால், உண்மையான வைரஸைப் பற்றிக் கேட்டவர்களைவிட ‘வைரஸ் வந்துவிட்டது’ என்று மிரட்டிய திரையைப் பற்றிக் கேட்டவர்கள்தான் அதிகம். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: ஒரு செய்தித் தளம் படித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று திரை முழுவதும் சிவப்பாகி, ‘உங்கள் கணினி முடக்கப்பட்டது, அணைக்க வேண்டாம், உடனே இந்த எண்ணை அழையுங்கள்’ என்று ஒரு பெண் குரல் சத்தமாகப் பேச ஆரம்பித்தது. மவுஸும் வேலை செய்யவில்லை. பயந்துபோய் ஸ்விட்சை அணைத்துவிட்டேன். கணினி கெட்டுப்போயிருக்குமா?

பதில்: கெட்டுப்போயிருக்காது, நீங்கள் செய்ததும் சரிதான். நீங்கள் பார்த்தது வைரஸே இல்லை, வெறும் ஒரு இணையப் பக்கம். பிரவுசரை முழுத்திரைக்கு மாற்றி, மவுஸ் அம்பை மறைத்து, ஒரு ஆடியோவைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அதற்கு மேல் மைக்ரோசாஃப்ட் லோகோவோடு நான்கைந்து பெட்டிகளைப் படமாக ஒட்டி வைத்திருப்பார்கள். அதில் ஒரு பெட்டியில் ஸ்கேன் ஓடுவது போலப் பச்சைக் கோடு நகரும், ஃபைல் பெயர்கள் வேகமாக ஓடும், ஆனால் அத்தனையும் அனிமேஷன்தான். ஒரு இணையப் பக்கத்தால் உங்கள் ஹார்ட் டிஸ்க்கைத் தன் இஷ்டத்துக்கு ஸ்கேன் செய்ய முடியாது, பிரவுசர் அதற்கு இடம் கொடுப்பதில்லை. தெருவில் போகிற ஒருவன் வாசலுக்கு வெளியே நின்றபடி ‘உன் பீரோவுக்குள் பாம்பு இருக்கிறது’ என்று கத்தினால் எவ்வளவு நம்புவோமோ, அவ்வளவுதான் இதையும் நம்ப வேண்டும். ஐபி எண்ணையும் (இணையத்தில் உங்கள் தொடர்பின் முகவரி) ஊர் பெயரையும் சரியாகக் காட்டினானே என்று சிலர் கேட்பார்கள். நீங்கள் திறக்கிற ஒவ்வொரு தளத்துக்கும் உங்கள் ஐபி எண் தெரியும், அதை வைத்து ஊரை ஏறக்குறைய ஊகிக்கவும் முடியும். இதில் வித்தை ஒன்றும் இல்லை.

அடுத்த முறை வந்தால் முதலில் எஸ்கேப் விசையைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடியுங்கள், பல நேரங்களில் முழுத்திரை சுருங்கி மேலே மூடுகிற பட்டன் தெரிந்துவிடும். அதற்கும் மசியவில்லையா, ஆல்ட்டோடு எஃப்4. அதுவும் இல்லையென்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பிரவுசரைத் தேர்ந்தெடுத்து ‘எண்ட் டாஸ்க்’ கொடுங்கள். எல்லாம் கைவிட்டால் இருக்கவே இருக்கிறது பவர் பட்டன். அப்புறம் ஒன்று முக்கியம்: மறுபடி பிரவுசரைத் திறக்கும்போது ‘பழைய பக்கங்களை மீட்கவா?’ என்று கேட்கும், வேண்டாம் என்று சொல்லுங்கள். இல்லையென்றால் அதே அம்மாள் திரும்ப வந்து பேசுவார்.

அசல் எச்சரிக்கையையும் போலியையும் பிரித்துப் பார்க்க ஒரே ஒரு அடையாளம் போதும் என்பேன். மைக்ரோசாஃப்டின் பிழைச் செய்திகளிலும் எச்சரிக்கைகளிலும் தொலைபேசி எண் இருக்கவே இருக்காது. இதை அந்த நிறுவனமே சொல்லியிருக்கிறது. விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான அசல் டிஃபெண்டர் எதையாவது பிடித்தால் திரையின் ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டியில் ‘ஆபத்து கண்டுபிடிக்கப்பட்டது, நடவடிக்கை எடுக்கிறோம்’ என்கிற ரீதியில் சொல்லிவிட்டுப் போய்விடும். கூச்சல் போடாது, எண்ணை அழைக்கச் சொல்லாது, நேரம் குறித்து மிரட்டாது.

நல்ல தளத்தில் இது எப்படி வந்தது என்றால், பெரும்பாலும் விளம்பரம் வழியாகத்தான். தளம் நடத்துகிறவருக்கே தன் பக்கத்தில் அந்த நிமிடம் எந்த விளம்பரம் ஓடுகிறது என்று தெரியாது, இடைத்தரகர்கள் ஏலம் விட்டு நிரப்புகிறார்கள், அந்த வரிசையில் ஒரு திருடனும் காசு கொடுத்து நுழைந்துவிடுகிறான். ஒரு நல்ல விளம்பரத் தடுப்பானைப் போட்டுக்கொண்டால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். மைக்ரோசாஃப்டின் எட்ஜ் பிரவுசரைப் பயன்படுத்துகிறவர்கள், இத்தகைய மிரட்டல் திரைகளைத் தடுக்க 2025-ல் வந்த ‘ஸ்கேர்வேர் பிளாக்கர்’ என்கிற வசதி தங்கள் பிரவுசரில் இயங்குகிறதா என்று செட்டிங்ஸில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இது ஏதோ சில்லறைத் திருட்டு என்று நினைக்க வேண்டாம். போலி ஸ்கேன் காட்டிப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் உதவாத மென்பொருளை விற்ற ஒரு கும்பலின் வழக்கில், 2012-ல் அமெரிக்க நீதிமன்றம் 16 கோடியே 30 லட்சம் டாலர் கட்டச் சொல்லித் தீர்ப்பளித்தது.

கேள்வி: நான் அந்த எண்ணை அழைத்தே விட்டேன். ரொம்பப் பொறுமையாகப் பேசினார்கள். தூரத்திலிருந்தே கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க் மென்பொருளைப் போடச் சொல்லி, என் கணினியில் நூற்றுக்கணக்கான சிவப்புப் பிழைகளைக் கண்ணெதிரே காட்டினார்கள். பணமும் கட்டிவிட்டேன். இப்போது சந்தேகமாக இருக்கிறது.

பதில்: சந்தேகமே வேண்டாம், அது மோசடிதான். அவர்கள் திறந்து காட்டியது ‘ஈவென்ட் வியூவர்’ என்கிற விண்டோஸின் சொந்தக் குறிப்பேடு. ஏதோ ஒரு சேவை இரண்டு வினாடி தாமதமாகத் தொடங்கினால்கூட அது சிவப்புக் குறி போட்டு எழுதி வைக்கும். நன்றாக ஓடுகிற கணினியிலும் அது நிரம்பி வழியும், வேண்டுமானால் பக்கத்து மேஜைக் கணினியில் திறந்து பாருங்கள். இன்னொரு வித்தையும் உண்டு: கறுப்பு நிற கமாண்ட் ஜன்னலில் ‘ட்ரீ’ என்று தட்டினால் உங்கள் ஃபோல்டர் பெயர்கள் மழையாகக் கொட்டும், அது கொட்டி முடிவதற்குள் ‘வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது’ என்று அவனே கீபோர்டில் தட்டிவிடுவான். கொட்டி முடிந்ததும் கடைசி வரியாக அது தெரியும், ஏதோ கணினியே கண்டுபிடித்துச் சொன்ன மாதிரி.

இப்போது செய்ய வேண்டியது: இணையத் தொடர்பைத் துண்டியுங்கள். எனிடெஸ்க்கையும், அவர்கள் போட்ட வேறு எதையும் அன்இன்ஸ்டால் செய்யுங்கள். வங்கிக்கு உடனே பேசி கார்டை முடக்கி, கட்டிய தொகைக்குப் புகார் கொடுங்கள், இதில் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. உங்கள் நாட்டு சைபர் கிரைம் பிரிவிலும் பதிந்துவிடுங்கள். பாஸ்வேர்டுகளை வேறொரு கணினியிலோ போனிலோ உட்கார்ந்து மாற்றுங்கள், முதலில் மின்னஞ்சல், ஏனென்றால் மற்ற கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்றும் லிங்க் எல்லாம் அங்கேதான் வந்து விழும். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீங்கள் வங்கிக் கணக்கில் நுழைந்திருந்தால், ஸ்கேன் செய்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று நான் சொல்ல மாட்டேன். முக்கியமான ஃபைல்களை மட்டும் எடுத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாக நிறுவிவிடுங்கள்.

இன்னொரு அழைப்பும் வரலாம், தயாராக இருங்கள். ‘கட்டிய பணத்தைத் திருப்பித் தருகிறோம்’ என்பார்கள். மறுபடி கணினிக்குள் நுழைந்து, உங்கள் வங்கிப் பக்கத்தில் இருப்புத் தொகையைத் திரையளவில் மட்டும் திருத்தி (எந்த இணையப் பக்கத்தின் எழுத்தையும் நம் திரையில் நாமே மாற்றிக் காட்ட முடியும், பக்கத்தைப் புதுப்பித்தால் போய்விடும்), ‘ஐயையோ, தெரியாமல் பத்து மடங்கு அனுப்பிவிட்டோம், மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்கள், இல்லையென்றால் என் வேலை போய்விடும்’ என்று அழாத குறையாகக் கெஞ்சுவார்கள். இரக்கப்பட்டு அனுப்பினால் அது உங்கள் சொந்தப் பணம்.

கேள்வி: ஆன்டிவைரஸ் ஒன்றுமில்லை என்கிறது. ஆனால் தினமும் கீழ் மூலையில் ‘5 வைரஸ்கள் உள்ளன’, ‘உங்கள் சந்தா முடிந்தது’ என்று பெட்டி வந்துகொண்டே இருக்கிறது. எதை நம்புவது?

பதில்: ஆன்டிவைரஸை நம்புங்கள். அந்தப் பெட்டியை உற்றுப் பாருங்கள், ஓரத்தில் சின்ன எழுத்தில் பிரவுசரின் பெயரும் ஏதோ ஒரு தளத்தின் முகவரியும் இருக்கும். எப்போதோ ஒரு நாள், வீடியோ பார்க்கவோ எதையோ டவுன்லோட் செய்யவோ போன இடத்தில் ‘நீங்கள் ரோபோ இல்லை என்றால் அலோ அழுத்தவும்’ என்று கேட்டிருக்கும், அழுத்தியிருப்பீர்கள். அது அறிவிப்பு அனுப்புவதற்கான அனுமதி. குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று உள்ளே போய், தெரியாத முகவரிகளை எல்லாம் நீக்குங்கள். அந்தப் பக்கத்திலேயே ‘எந்தத் தளமும் அறிவிப்பு அனுப்ப அனுமதி கேட்கக் கூடாது’ என்று ஒரு தேர்வும் உண்டு, நான் அதைத்தான் போட்டு வைத்திருக்கிறேன்.

கேள்வி: ஒரு தளத்தில் மனிதரா என்று சோதிக்க, விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி, பிறகு கன்ட்ரோல் வி, பிறகு என்டர் என்று சொன்னது. அப்படியே செய்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் உறுத்துகிறது.

பதில்: இந்த வாரக் கடிதங்களில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இதுதான். ஒன்றும் ஆகாதது போலத் தோன்றுவதுதான் இதன் வேலை. நீங்கள் அந்தப் பக்கத்தில் ‘நான் ரோபோ அல்ல’ என்ற கட்டத்தைத் தொட்டபோதே அது ஒரு கட்டளையைச் சத்தமில்லாமல் உங்கள் கிளிப்போர்டில் (நகலெடுத்தது ஒட்டுவதற்காகக் காத்திருக்கும் இடம்) வைத்துவிட்டது. அப்புறம் கட்டளைகளை இயக்கும் ரன் பெட்டியைத் திறந்து, அதை ஒட்டி, என்டர் தட்டியது நீங்கள். பெட்டி குறுகலானது, கட்டளையின் வால் மட்டும்தான் தெரியும், அந்த வாலில் ‘சரிபார்ப்பு எண்’ என்று அப்பாவியாக எழுதி வைத்திருப்பார்கள். ‘கிளிக்ஃபிக்ஸ்’ என்று இதற்குப் பெயர், 2024-லிருந்து பரவலாகிவிட்டது. ஃபைலை டவுன்லோட் செய்தால் பிரவுசர் எச்சரிக்கும், மின்னஞ்சலில் வந்தால் வடிகட்டி பிடிக்கும், உரிமையாளரே தன் கையால் தட்டினால் யார் என்ன செய்வது?

இப்படி இறங்குவது பெரும்பாலும் தகவல் திருடி வகை. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் குக்கீகளையும் சில நிமிடங்களில் அள்ளிக்கொண்டு போய்விடும். குக்கீ என்பது நீங்கள் ஏற்கெனவே உள்ளே நுழைந்துவிட்டதற்கான அத்தாட்சி, அது கையில் இருந்தால் பல தளங்களில் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். அதனால் பாஸ்வேர்டை மாற்றினால் மட்டும் போதாது. சுத்தமான இன்னொரு கருவியிலிருந்து ஒவ்வொரு முக்கியக் கணக்கிலும் ‘எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு’ என்பதையும் கொடுங்கள். உங்கள் கணினியில் விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து ஸ்கேன் ஆப்ஷன்ஸில் ‘ஆஃப்லைன் ஸ்கேன்’ ஓட்டுங்கள், கணினி தானே ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் எழுவதற்கு முன்பே தேடும், கால் மணி நேரம் பிடிக்கலாம். அப்புறமும் மனம் ஒப்பவில்லை என்றால் புது விண்டோஸ்தான். மனிதரா என்று சோதிக்கிற எந்த அசல் தளமும் ரன் பெட்டியைத் திறக்கச் சொல்லாது.

கேள்வி: காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்கத்தான் வேண்டுமா? இரண்டு போட்டால் இரட்டைப் பாதுகாப்பா?

பதில்: வீட்டு உபயோகத்துக்கு விண்டோஸோடு வருகிற டிஃபெண்டரே போதும் என்பது என் கருத்து. விண்டோஸ் 8 வந்த 2012-லிருந்து அது முழு ஆன்டிவைரஸாகவே கூட வருகிறது. இரண்டு போட்டால் ஒன்றையொன்று சந்தேகப்பட்டுக்கொண்டு கணினியை ஆமையாக்கும். வேறு கம்பெனியுடையதைப் போட்டால் டிஃபெண்டர் பொதுவாகத் தானே ஒதுங்கிக்கொள்ளும்.

காசைவிட அப்டேட்தான் முக்கியம். 2017 மே 12-ல் வானாகிரை என்கிற ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வகை) உலகம் முழுக்கப் பரவி பிரிட்டன் மருத்துவமனைகள் வரை முடக்கியதே, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. இன்னும் அதில் இருப்பவர்கள் நீட்டிப்புத் திட்டத்தில் பதிந்துகொள்ளலாம், இல்லையென்றால் மாறுவதைப் பற்றி யோசியுங்கள்.

கேள்வி: பென் டிரைவில் இருந்த ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிவிட்டன. ஃபார்மட் செய்துவிடவா?

பதில்: பொறுங்கள். ஃபைல்கள் அநேகமாக அங்கேதான் ஒளித்து வைக்கப்பட்டிருக்கும். ஷார்ட்கட்டுகளை மட்டும் கிளிக் செய்யாதீர்கள், அதுதான் வைரஸை ஓட்டும் பொத்தான். ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லுங்கள், ‘பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் ஃபைல்களை மறை’ என்பதிலுள்ள டிக்கையும் எடுங்கள், தெரிந்துவிடும். உங்கள் ஆவணங்களை மட்டும் நகலெடுத்துவிட்டு அப்புறம் ஃபார்மட் செய்யலாம். இதை எல்லாம் கணினியை முழு ஸ்கேன் செய்த பிறகு செய்யுங்கள், வைரஸ் அங்கேயும் இருந்தால் பென் டிரைவைச் செருகிய அடுத்த நொடி மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

அந்த ஃபோல்டர் ஆப்ஷன்ஸிலேயே இன்னொரு வேலை: ‘தெரிந்த ஃபைல் வகைகளின் பின்னொட்டை மறை’ என்பதையும் அணைத்துவிடுங்கள். 2000 மே மாதம் ‘ஐ லவ் யூ’ வைரஸ் பரவியதற்கு இந்த மறைப்பும் ஒரு காரணம். டெக்ஸ்ட் ஃபைல் என்று நினைத்துத் திறந்தார்கள், பெயரின் வாலில் ஸ்கிரிப்ட் என்று காட்டும் பின்னொட்டு மறைந்திருந்தது.

கேள்வி: மேக் கணினிக்கு வைரஸ் வராதாமே?

பதில்: வரும். 2012-ல் ஃபிளாஷ்பேக் என்ற ஒன்று ஆறு லட்சம் மேக்குகளுக்கு மேல் தொற்றியது. மேலே சொன்ன சிவப்புத் திரை மேக்கிலும் வரும், லோகோ மட்டும் ஆப்பிள்.

கேள்வி: என் போட்டோக்கள் எல்லாம் திறக்க மறுக்கின்றன, பெயருக்குப் பின்னால் ஏதோ புரியாத எழுத்துகள். பிட்காயின் கட்டினால் திறப்போம் என்று ஒரு குறிப்பு இருக்கிறது. கட்டட்டுமா?

பதில்: கட்டாதீர்கள், கட்டினாலும் சாவி வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. முதலில் கணினியை நெட்டிலிருந்து பிரித்துவிட்டு, வேறொரு கணினியில் ‘நோ மோர் ரான்சம்’ தளத்துக்குப் போங்கள். நெதர்லாந்து போலீஸும் ஐரோப்பிய ஒன்றியத்தின் போலீஸ் அமைப்பான யூரோபோலும் இரண்டு ஆன்டிவைரஸ் கம்பெனிகளும் சேர்ந்து 2016-ல் தொடங்கியது, இலவசம். பூட்டப்பட்ட ஒரு ஃபைலையும் அந்தக் குறிப்பையும் ஏற்றினால் எந்த வகை ரான்சம்வேர், அதற்குச் சாவி இருக்கிறதா என்று சொல்லும். எல்லா வகைக்கும் இல்லை. இல்லையென்றாலும் பூட்டிய ஃபைல்களை அழித்துவிடாமல் ஒரு டிஸ்க்கில் போட்டு வையுங்கள், பின்னாளில் சாவி வெளிவருவது உண்டு.

கிளவுடில் இருக்கிறதே என்று நம்பியிருந்தீர்கள் என்றால் உடனே போய்ப் பாருங்கள், தானாக சிங்க் ஆகும் ஃபோல்டரில் பூட்டிய ஃபைல்களும் சிங்க் ஆகியிருக்கும். ஆனால் கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் போன்றவற்றில் பழைய பதிப்புகளைச் சில நாட்களுக்கு வைத்திருப்பார்கள், அந்தக் கெடு முடிவதற்குள் மீட்டுவிடுங்கள். இனி எடுக்கும் பேக்கப்பை வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து, எடுத்து முடித்த கையோடு கேபிளைக் கழற்றிவிடுங்கள். கணினியில் செருகியே இருக்கும் டிஸ்க்கையும் ரான்சம்வேர் சேர்த்துத்தான் பூட்டும்.