மினியேச்சரும் வெளிச்சமும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மினியேச்சர் எனும் சின்னஞ்சிறு பொம்மை உருவங்களுக்கு வண்ணம் தீட்டுவது பற்றி நீங்கள் முன்பு எழுதியதைப் படித்துவிட்டுத்தான், ஒன்பது வருஷமாகப் பரண்மேல் கிடந்த பெட்டியை இறக்கினேன். பாதி பெயின்ட் காய்ந்து கல்லாகியிருந்தது. மிச்சத்தை வைத்து 28 மி.மீ. வீரன் ஒருவனை முடித்தேன். சிவப்பு அங்கி, இரும்புக் கவசம், தோல் பூட்ஸ். அடி நிறமும், பள்ளங்களில் நிழலுக்காக ஓடவிடும் நீர்த்த வாஷும் பழையபடி வந்துவிட்டன. வெளிச்சம் படும் மேடுகளை வெளிர் நிறத்தால் எடுத்துக்காட்டும் ஹைலைட்தான் வரவில்லை. அங்கி மடிப்புகளில் சாக்பீஸால் கோடு இழுத்த மாதிரி இருக்கிறது. சிவப்பு ரோஸாகிவிட்டது. கையும் முன்போல நிற்கவில்லை என்று தோன்றுகிறது. இனிமேல் இது சரியாகுமா, அல்லது பெயின்ட்டைத் துடைத்த தூரிகையால் மேடுகளை லேசாகத் தேய்க்கும் டிரைபிரஷ்ஷோடு நிறுத்திக்கொள்வதா? படம் இணைத்திருக்கிறேன். பெயர் போட வேண்டாம்.

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தேன். உங்கள் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. பூட்ஸ் வார்மேல் நீங்கள் போட்டிருக்கும் கோடு முடி கனம்தான் இருக்கிறது, எங்கும் பிசிறவில்லை. கை நடுங்குகிறவர் அப்படிப் போட முடியாது. ஆனால் அதே கோடு தோளிலும் இருக்கிறது, முழங்கையிலும் இருக்கிறது, அங்கியின் கீழ் ஓரத்திலும் இருக்கிறது. எல்லா இடத்திலும் ஒரே பிரகாசம். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று உங்கள் வீரனைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. கோளாறு அங்கேதான்.

ஹைலைட் எதற்காகப் போடுகிறோம் என்பதிலிருந்து தொடங்கினால் இது விளங்கும். 28 மி.மீ. உருவம் என்பது ஆளை ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்காகச் சுருக்கியது. நிஜ அங்கியில் 6 செ.மீ. ஆழமுள்ள மடிப்பு, இங்கே 1 மி.மீ. பள்ளம். அவ்வளவு சின்னப் பள்ளத்தைக் கை நீட்டும் தூரத்தில் வைத்துப் பார்க்கும்போது, அதில் விழும் நிழல் கண்ணுக்கு உறைப்பதில்லை. பெரிய உருவத்துக்குச் சூரியன் தானாகச் செய்து கொடுக்கும் வேலையை, சின்ன உருவத்துக்கு நாம் பெயின்ட்டால் செய்கிறோம். அப்படியென்றால் முதலில் சூரியன் எங்கே என்று முடிவு செய்ய வேண்டும். தூரிகையை எடுப்பது அதற்கப்புறம்தான்.

இதற்கு ஜெனிதல் பிரைமிங்கைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. முழுக்கக் கறுப்பு பிரைமர், அதாவது அடிப்பூச்சு, அடித்துக் காயவிடுங்கள். பிறகு மேலே ஒரு பக்கத்திலிருந்து மட்டும், சரிவாக, வெள்ளையைப் பனிபோல ஊதுங்கள். வெள்ளை போய் உட்கார்ந்த இடமெல்லாம் வெளிச்சம் படும் இடம். கறுப்பாகவே நின்றது நிழல். வண்ணம் வைப்பதற்கு முன்னால் நாலு பக்கமும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சந்தேகம் வரும்போதெல்லாம் அந்தப் படம்தான் பதில் சொல்லும். ஏற்கெனவே தீட்டி முடித்த உருவமென்றால், அறை விளக்கை அணைத்துவிட்டு ஒரே ஒரு மேசை விளக்கைத் தலைக்கு மேலே பிடித்துப் பாருங்கள். அங்கியின் கீழ் ஓரம் இருட்டில் இருப்பது உடனே தெரிந்துவிடும். அங்கே நீங்கள் வைத்த கோட்டுக்கு வேலையே இல்லை.

சரி, ரோஸ் விஷயம். சிவப்பில் வெள்ளையைக் கலந்தால் ரோஸ்தான் வரும், அது உங்கள் தவறல்ல. சிவப்பை ஆரஞ்சு பக்கமாக ஏற்றுங்கள். கடைசியாக, தோள் உச்சியில் இரண்டு மூன்று புள்ளிக்கு மட்டும், அந்த ஆரஞ்சில் கொஞ்சம் மனிதத் தோலின் நிறம் சேர்த்துக்கொள்ளுங்கள். பச்சைக்கு மஞ்சள். கறுப்புத் துணிக்கு நீலம் கலந்த சாம்பல், அதுவும் மிகக் குறுகலாக. வெள்ளையை நான் உலோகத்தின் மினுக்குக்கும் கண்ணின் பொட்டுக்கும் மட்டுமே தொடுகிறேன்.

சாக்பீஸ் கோடு போலத் தெரிவதற்கு நிறம் பாதிக் காரணம். மீதி, நடுவில் படியே இல்லாமல் அடர் சிவப்பிலிருந்து ஒரே தாவலில் உச்சிக்குப் போனது. இடையில் குறைந்தது இரண்டு படி வேண்டும். முதல் படி மடிப்பின் மேல்பாதி முழுவதையும் மூடட்டும், அடுத்தது அதில் பாதி, அதற்கடுத்தது மேட்டின் முதுகு மட்டும். பெயின்ட்டில் தண்ணீர் சேர்த்து, பால் பதத்துக்குக் கொண்டு வாருங்கள். தோய்த்தவுடன் தூரிகையின் வயிற்றை டிஷ்யூ பேப்பரில் ஒருமுறை ஒற்றி எடுங்கள். அதிக ஈரம் போய்விடும். இல்லாவிட்டால் அது பள்ளத்தில் ஓடித் தேங்கும்.

ஒரு விஷயம் எனக்குத் தாமதமாகத்தான் பிடிபட்டது. நீர்த்த பெயின்ட்டை இழுக்கும்போது, தூரிகையை எங்கே தூக்குகிறோமோ அங்கே நிறமி அதிகம் போய்ச் சேரும். ஆகவே ஹைலைட்டுக்கு நிழலில் தொடங்கி மேட்டை நோக்கி இழுத்து, மேட்டின்மேல் தூக்க வேண்டும். நிழல் போடும்போது இதற்கு நேர்மாறு. நான் பல வருஷம் மேட்டிலிருந்து கீழே இழுத்துக்கொண்டிருந்தேன். எத்தனை பூச்சு பூசியும் மேடு வெளுக்காமல், பள்ளத்தின் ஓரத்தில் மட்டும் ஒரு வெளிர் கறை நின்றது. திசையை மாற்றிய அன்றைக்கே, அதே பெயின்ட்டில், அதே தூரிகையில் மடிப்பு எழுந்து நின்றது. அந்த மாலையின் சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது.

இன்னொன்று, அக்ரிலிக் காய்ந்தால் பெரும்பாலும் ஒரு படி இருண்டுவிடும். ஈரத்தில் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஓரிரு நிமிஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு அடுத்த பூச்சுக்குப் போங்கள்.

படத்தின் ஓரத்தில் உங்கள் 000 தூரிகையும் தெரிகிறது. அதை வைத்துவிடுங்கள். அவ்வளவு சின்னதில் பெயின்ட் உருவத்தைத் தொடுவதற்குள் நுனியிலேயே காய்ந்துவிடும். நுனி கூராகச் சேரும் 1-ஆம் எண் போதும். நம்மில் பலர் வைத்திருக்கும் வின்சர் அண்ட் நியூட்டன் சீரிஸ் 7, 1866-இல் விக்டோரியா ராணி கேட்டதால் பிறந்த தூரிகை. ராணிக்குப் பிடித்த அளவு 7, அதாவது நல்ல பருமன். நுனி சரியாக இருந்தால் பருமன் தொந்தரவு செய்யாது. கவசத்தின் விளிம்புக்கோ நுனியே வேண்டாம். தூரிகையின் பக்கவாட்டை விளிம்பின்மேல் சாய்த்து வைத்து மெல்ல ஓட்டுங்கள், விளிம்பே கோட்டை எடுத்துக்கொள்ளும். இங்கே மட்டும் பெயின்ட் கொஞ்சம் கெட்டியாக இருக்கட்டும்.

கை நிற்கவில்லை என்பது பெரும்பாலும் கண்ணின் வேலை. நாற்பதைத் தாண்டினால் கிட்டப் பொருள் மங்கத்தான் செய்யும். தலையில் மாட்டும் பூதக்கண்ணாடி ஒன்று வாங்குங்கள். இரண்டு மணிக்கட்டையும் ஒன்றோடொன்று ஒட்டி, மேசை விளிம்பில் ஊன்றிக்கொள்ளுங்கள்.

டிரைபிரஷ்ஷில் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. ரோமத்துக்கும் கல்லுக்கும் அதை அடிக்க ஆளில்லை. ஆனால் அது மேடான இடத்தையெல்லாம் ஒரே மாதிரி வெளுக்கும். மேலே எது, கீழே எது என்று அதற்குத் தெரியாது. உங்கள் அங்கிக்கு அது போதாது.

அந்த வீரனைக் கரைசலில் போட்டுப் பெயின்ட்டை உரித்துவிடாதீர்கள். பூட்ஸ் அழகாக வந்திருக்கிறது. அங்கியின் கீழ் ஓரத்துக் கோட்டை மட்டும் அடர் சிவப்பால் மூடிவிட்டு, இடது தோளின் மூன்று மடிப்புகளை மறுபடி செய்யுங்கள். ஆரஞ்சு பக்கமாக, மூன்று படியில், கீழிருந்து மேலே. வலது தோள் இப்போது இருக்கிறபடியே இருக்கட்டும். முடித்ததும் ஒற்றை விளக்கின் கீழ் இரண்டு தோளும் தெரிகிற மாதிரி படம் எடுத்து அனுப்புங்கள். காத்திருக்கிறேன்.

அன்புடன்