கருவிலேயே மரபணுவைத் திருத்திவிட்டால் என்ன தவறு?

"நானும் என் மனைவியும் அரிவாள் செல் ரத்தசோகையின் கேரியர்கள், அதாவது நோயின்றி, பிழையுள்ள மரபணுவின் ஒரு பிரதியை மட்டும் சுமப்பவர்கள். பிறக்கும் குழந்தைக்கு நோய் வரலாம் என்கிறார்கள். டிஎன்ஏவை வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் என்ற கருவியைக் கொண்டு கருவிலேயே மரபணுவைத் திருத்திவிட்டால் என்ன தவறு? அதை ஏன் தடுக்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் மருத்துவர் இல்லை. மலையடிவாரத்து மருத்துவமனை ஒன்றின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினான்கு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். இந்தியாவில் அரிவாள் செல் ஹீமோகுளோபின் முதன்முதலில் பதிவானது 1952-இல், நீலகிரிப் பழங்குடி மக்களிடம். அதனால் எங்கள் பகுதியில் இந்தப் பரிசோதனை அன்றாட வேலை. சோடியம் டைதயோனைட் கலந்த கரைசலில் சிறிது ரத்தத்தை விட்டு, சில நிமிடங்கள் பொறுத்து, கறுப்புக் கோடுகள் போட்ட அட்டைக்கு முன்னால் அந்தக் குழாயைப் பிடித்துப் பார்ப்போம். கோடுகள் தெரிந்தால் நிம்மதி. கரைசல் கலங்கிக் கோடுகள் மறைந்தால், எதிரே நிற்கும் தாயின் முகத்தைப் பார்க்காமலேயே அடுத்த பரிசோதனைக்குச் சீட்டு எழுதுவேன். கேரியருக்கும் கலங்கும், நோயாளிக்கும் கலங்கும். எது என்பதை, ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் ஹெச்பிஎல்சி பரிசோதனைதான் காட்டும்.

இவ்வளவுக்கும் காரணம் ஒரே ஓர் எழுத்து. ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் கொண்ட நம் டிஎன்ஏவில், ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலிக்கான மரபணுவில், 'ஏ' இருக்க வேண்டிய இடத்தில் 'டி' வந்துவிடுகிறது. பெற்றோர் இருவரிடமிருந்தும் இந்தப் பிழை வந்தால் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்து, ரத்தக் குழாய்களை அடைத்து, கடும் வலியைத் தருகின்றன. ஓர் எழுத்துப் பிழைதானே, திருத்திவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்பது நியாயமானது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

திருத்தவும் செய்கிறார்கள், ஆனால் பிறந்து வளர்ந்த நோயாளியின் உடலில். 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் 'காஸ்ஜெவி' என்ற கிரிஸ்பர் சிகிச்சைக்கு ஒப்புதல் அளித்தன. நோயாளியின் ரத்தத்திலிருந்து குருத்தணுக்களை (ரத்த செல்களை உருவாக்கும் மூல செல்களை) பிரித்தெடுத்து, ஆய்வகத்தில் திருத்தி, கடுமையான கீமோதெரபி கொடுத்து எலும்பு மஜ்ஜையில் இடம் ஏற்படுத்திய பிறகு அவற்றைத் திரும்பச் செலுத்துகிறார்கள். அந்தப் பிழை எழுத்தை இந்தச் சிகிச்சை தொடுவதே இல்லை. குழந்தை தாயின் வயிற்றில் இருக்கும்போது மட்டும் மிகுதியாக உற்பத்தியாகும் வேறொரு ஹீமோகுளோபினை, பிறந்த பின் அடக்கி வைக்கும் பிசிஎல்11ஏ என்ற மரபணுவின் கட்டுப்பாட்டுப் பகுதியை வெட்டி, பழைய ஹீமோகுளோபினை மீண்டும் எழுப்புகிறது. ஒப்புதலுக்கு முன் போதிய காலம் கவனிக்கப்பட்ட 31 நோயாளிகளில் 29 பேருக்குத் தொடர்ந்து ஓராண்டாவது கடுமையான வலித்தாக்குதல் வரவில்லை. அந்த வலியில் துடிக்கும் பிள்ளைகளை வார்டில் பார்த்திருப்பதால், இந்த எண்ணைப் படித்த அன்று எனக்குக் கண் கலங்கியது.

என் வேலையின் கண்ணோட்டத்தில் இதில் முக்கியமானது ஒன்று உண்டு. திருத்திய செல்கள் நோயாளிக்குள் போவதற்கு முன் வெளியே உறைநிலையில் காத்திருக்கின்றன. அவற்றில் ஒரு பகுதியை எடுத்துச் சோதிக்கலாம். சரியில்லை என்றால் அந்தத் தொகுதியையே ஒதுக்கிவிடலாம். சிகிச்சை பெறுபவர் ஆபத்துகளைக் கேட்டறிந்து கையெழுத்திடுகிறார். சிறுவராக இருந்தால் பெற்றோர் கையெழுத்திட்டாலும், எந்த நோய்க்காக என்பதாவது கண்முன்னே இருக்கிறது. மாற்றம் அவருடைய ரத்த செல்களோடு நின்றுவிடும், அவர் பெறும் பிள்ளைகளுக்குப் போகாது.

கருவில் இவை எதுவுமே இல்லை. 2018 நவம்பரில், சீனாவின் ஷென்ஜென் நகரில் பணியாற்றிய ஹே ஜியான்குய் என்ற ஆய்வாளர், கருவிலேயே மரபணு திருத்தப்பட்ட இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்துவிட்டதாக அறிவித்தார். தந்தைக்கு எச்ஐவி தொற்று இருந்தது. குழந்தைகளுக்கு அது வராதபடி, எச்ஐவி செல்லுக்குள் நுழைய உதவும் சிசிஆர்5 என்ற மரபணுவை முடக்கியதாகச் சொன்னார். தந்தையிடமிருந்து கருவுக்குத் தொற்று போகாமல் தடுக்க, விந்தணுக்களைக் கழுவிப் பிரிக்கும் எளிய முறை அப்போதே நடைமுறையில் இருந்தது. அவர் வெளியிட்ட தரவுகளின்படி ஒரு குழந்தையிடம் அந்த மரபணுவின் இரு பிரதிகளும் மாறியிருந்தன, மற்றதிடம் ஒன்று மட்டும். சில ஐரோப்பியர்களிடம் இயற்கையாகவே இருந்து எச்ஐவியைத் தடுக்கும் மாற்றம் இருவரிடமும் அப்படியே உருவாகவில்லை. அதுவரை எந்த மனிதரிடமும் சோதித்தறியப்படாத புதிய மாற்றங்களே உருவாகியிருந்தன. 2019 டிசம்பரில் நீதிமன்றம் அவருக்கு மூன்று ஆண்டு சிறையும் 30 லட்சம் யுவான் அபராதமும் விதித்தது.

அவர் சோதிக்காமல் விட்டுவிடவில்லை. ஒவ்வொரு கருவிலிருந்தும் சில செல்களைக் கிள்ளி எடுத்துச் சோதித்தார். ஆனால் திருத்தம் நடக்கும்போதே கரு பிளந்து பெருகிக்கொண்டிருப்பதால், ஒரு செல்லில் நடந்த மாற்றம் பக்கத்துச் செல்லில் நடந்திருக்காது. கிள்ளி எடுத்த செல்களைப் பற்றித்தான் அறிக்கை பேசும். விட்டுவைத்த செல்களைப் பற்றிப் பேசாது. எல்லாவற்றையும் சோதிக்க வேண்டுமென்றால் கருவே மிஞ்சாது. 2020-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பார்வையிழப்புக்குக் காரணமான ஒரு பிழையைக் கருக்களில் கிரிஸ்பரால் திருத்த முயன்றபோது, வெட்டிய இடம் பல கருக்களில் ஒட்டாமல், குரோமோசோமின் ஒரு பகுதியோ முழுக் குரோமோசோமோ தொலைந்துபோனது. ரத்தக் குழாயில் பெயர்ச்சீட்டு சரியில்லை என்றாலே மாதிரியைத் திருப்பி அனுப்புகிறவர்கள் நாங்கள். சரிபார்க்கவே முடியாத ஒன்றை, தன் சம்மதத்தைச் சொல்ல இன்னும் பிறக்காத ஒரு பெண்ணுக்குள்ளும், அவளுக்குப் பிறக்கப்போகும் பிள்ளைகளுக்குள்ளும் வைத்து அனுப்புவதை என்னால் ஏற்க முடியவில்லை. 'கடவுளின் வேலையில் தலையிடுவது' என்ற வாதத்தை நான் எடுக்கவில்லை; தடுப்பூசியும் ரத்தமேற்றுவதும் தலையீடுதான்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2019 வழிகாட்டுதல்களும் இந்தக் கோட்டைத்தான் போடுகின்றன: உடல் செல்களில் மரபணு சிகிச்சைக்கு நெறிமுறைகளோடு இடமுண்டு, தலைமுறைக்குக் கடத்தப்படும் மாற்றங்களுக்குத் தடை.

பிள்ளைகளை உயரமாகவும் அறிவாளியாகவும் வடிவமைத்துக்கொள்வார்கள் என்ற அச்சத்தைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். உயரத்தோடு மட்டும் தொடர்புடைய 12,000-க்கும் மேற்பட்ட மரபணு வேறுபாடுகளை 2022-இல் கண்டறிந்தார்கள். அத்தனையையும் ஒரு கருவில் மாற்றும் வழி இன்று யாரிடமும் இல்லை. ஆனாலும் அந்த அச்சத்தை நான் ஒதுக்கிவிட மாட்டேன். பனிக்குட நீர்ப் பரிசோதனை நம் நாட்டுக்கு 1970-களில் வந்தது மரபணு நோய்களைக் கண்டறியத்தான். அது கருவின் பாலினத்தையும் காட்டியதால், பெண் கருக்களைக் கலைக்கப் பயன்பட்டது. பாலினம் கண்டறிவதைத் தடுக்க 1994-இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. எங்கள் கூடத்துச் சுவரில் இன்றும் அந்த அறிவிப்புப் பலகை தொங்குகிறது.

இனி உங்கள் நிலைமை. இருவரும் கேரியர்கள் என்றால் ஒவ்வொரு கருத்தரிப்பிலும் நோய்க்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. நான்கில் மூன்று பங்கு நோயின்றிப் பிறக்கும். ஆகவே உங்களுக்குத் திருத்தம் தேவையே இல்லை. செயற்கைக் கருத்தரிப்பில் உருவாகும் கருக்களைச் சோதித்து, நோயில்லாததைக் கருப்பையில் வைக்கலாம். செலவு அதிகம் என்றால், இயல்பாகக் கருவுற்ற பின் 11 முதல் 14 வாரங்களுக்குள் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துச் சோதிக்கலாம். நோயுள்ள பிள்ளை பிறக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வலித்தாக்குதலைக் குறைக்கும் ஹைட்ராக்ஸியூரியா மாத்திரையோடு பள்ளிக்குப் போய் வருகிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். முடிவெடுக்க வேண்டியவர்கள் நீங்கள் இருவர் மட்டுமே.

தாய் தந்தை இருவருமே நோயாளிகளாக இருந்தால் எல்லாக் கருக்களிலும் நோய் இருக்கும். தேர்ந்தெடுக்க எதுவும் இருக்காது. தங்களுக்கே பிறக்கும் நோயில்லாத பிள்ளை வேண்டுமென்றால், திருத்தத்தைத் தவிர அவர்களுக்கு வழியில்லை. அப்படி ஒரு தம்பதி என் மேசைக்கு முன்னால் வந்து நின்றால் நான் மேலே சொன்னது அவர்களுக்கு எவ்வளவு கொடுமையாகக் கேட்கும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். அவர்களுக்காக இந்த ஆராய்ச்சி ஆய்வகத்தில் தொடர வேண்டும். கருப்பைக்கு இப்போதே வரக் கூடாது.

என் கோபமெல்லாம் வேறிடத்தில் இருக்கிறது. காஸ்ஜெவிக்கு அமெரிக்காவில் விலை 22 லட்சம் டாலர். எங்கள் மலைக் கிராமங்களிலிருந்து பேருந்துக்குக் காசு புரட்டி வருகிறவர்களின் நோய்க்கு, இப்படியொரு விலையில் மருந்து. கருவைத் திருத்தலாமா என்று விவாதிக்கும் நேரத்தில் பாதியையாவது, இந்தச் சிகிச்சையை இங்கே மலிவாகச் செய்வது எப்படி என்பதற்குச் செலவிட்டால் நன்றாக இருக்கும்.

மரபணு ஆலோசகரைப் பார்க்கச் செல்லும்போது உங்கள் இருவரின் ஹெச்பிஎல்சி அறிக்கைகளையும் எடுத்துச் செல்லுங்கள். இருவருக்கும் டிஎன்ஏ பரிசோதனையைக் கருத்தரிப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள். ஒருவரிடம் அரிவாள் செல் பிழையும், மற்றவரிடம் ஹீமோகுளோபின் உற்பத்தியைக் குறைக்கும் தலசீமியா என்ற வேறொரு மரபணுப் பிழையும் இருக்கும் தம்பதிகளை நான் பார்த்திருக்கிறேன். எந்த எழுத்தைத் தேட வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் கருவில் அதைத் தேட முடியும்.