“செட்டிங்கை மாற்றினேன், ஒன்றுமே ஆகவில்லை!”

கேள்வி: விஷுவல் ஸ்டுடியோ கோடு என்ற நிரல் எழுதும் எடிட்டருக்கு எங்கள் குழு ஓர் எக்ஸ்டென்ஷன் (கூடுதல் வசதி தரும் துணைநிரல்) எழுதியிருக்கிறது. இருபது செட்டிங்குகள், எல்லாவற்றுக்கும் விளக்கமும் உண்டு. உதாரணமாக, “ஃபார்மேட் டிலே: ஃபார்மேட் செய்வதற்கான டிலே.” ஆனாலும் “மாற்றினேன், ஒன்றுமே ஆகவில்லை” என்ற புகார் நிற்கவில்லை. எப்படித் திருத்துவது?

பதில்: நீங்கள் அனுப்பிய விளக்கம் செட்டிங்கின் பெயரையே திரும்பச் சொல்கிறது. மாற்ற வருபவருக்குப் பெயர் ஏற்கெனவே தெரியும். எண்ணின் அலகு என்ன, எப்போது அது வேலை செய்யாது, வேறு எது அதை மீறும் என்பவைதான் அவருக்குத் தெரியாதவை. புகார்கள் முளைப்பதும் அங்கேதான்.

விஷுவல் ஸ்டுடியோ கோடிலேயே நல்ல பாடம் இருக்கிறது. ஒரு டேப் எத்தனை இடைவெளிக்குச் சமம் என்று சொல்லும் ‘டேப் சைஸ்’ செட்டிங் இயல்பாக 4. ஒருவர் அதை 2 ஆக்கிவிட்டு, நான்கு இடைவெளி விட்டு எழுதிய பழைய கோப்பைத் திறக்கிறார். அங்கே 4தான் நிற்கிறது. கோளாறு எதுவும் இல்லை. ‘டிடெக்ட் இன்டென்டேஷன்’ என்ற இன்னொரு செட்டிங் இயல்பாகவே இயங்கிக்கொண்டு, கோப்பின் உள்ளடக்கத்தைப் பார்த்து அளவை முடிவு செய்கிறது. இது டேப் சைஸின் விளக்கத்திலேயே சொல்லப்பட்டிருக்கிறது. அந்த ஒரு வாக்கியம் இல்லாவிட்டால் மணிக்கணக்கில் தேட வேண்டியதுதான்.

எந்த மட்டத்தில் மாற்றுகிறோம் என்பதிலும் பலர் தடுக்கி விழுகிறார்கள். எங்கும் பொருந்தும் யூசர் செட்டிங்கை, ஒரு புராஜெக்டுக்கு மட்டுமான ஒர்க்ஸ்பேஸ் செட்டிங் மீறும் என்பது பொதுவாகத் தெரிந்ததே. ஆனால் பைத்தான் மொழிக்கு மட்டும் என்று யூசர் மட்டத்தில் எழுதிய மதிப்பு, மொழி குறிப்பிடாத ஒர்க்ஸ்பேஸ் மதிப்பையும் மீறிவிடும். அனுபவசாலிகளே இதில் குழம்பிப் பார்த்திருக்கிறேன். மொழிவாரியாக மாற்றக்கூடிய செட்டிங் உங்களிடம் இருந்தால் இதைக் கட்டாயம் எழுதுங்கள்.

விம் எடிட்டரின் உதவிப் பக்கங்களையும் ஒருமுறை படியுங்கள். டேப் அளவுக்கான ‘டேப்ஸ்டாப்’ என்று தேடினால், விளக்கம் தொடங்கும் முன்பே மூன்று விவரங்கள் கிடைக்கும்: மதிப்பு ஓர் எண், இயல்பு 8, ஒவ்வொரு பஃபருக்கும் (திறந்திருக்கும் கோப்புக்கும்) தனி. எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் இது. விமின் ‘வெர்போஸ் செட்’ கட்டளையோ, ஒரு மதிப்பைக் கடைசியாக எந்தக் கோப்பு மாற்றியது என்றுகூடக் காட்டும்.

உங்கள் செட்டிங்குகளை அறிவிக்கும் பேக்கேஜ் ஜேசன் கோப்பில் ‘டிஸ்கிரிப்ஷன்’ என்பதற்குப் பதில் ‘மார்க்டவுன் டிஸ்கிரிப்ஷன்’ பயன்படுத்துங்கள். அதில் பேக்டிக் (`) குறிகளுக்குள், இருபுறமும் ஹாஷ் (#) இட்டு இன்னொரு செட்டிங்கின் முழுப் பெயரை எழுதினால், அது கிளிக் செய்யும் இணைப்பாகிவிடும். பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் மதிப்புகளுக்கு ‘ஈனம் டிஸ்கிரிப்ஷன்ஸ்’ உண்டு. கைவிட்ட செட்டிங்குக்கு ‘டெப்ரிகேஷன் மெசேஜ்’ எழுதும்போது புதியதன் பெயரையும் சேருங்கள்.

இருபதையும் ஒரே மூச்சில் திருத்த வேண்டாம். அதிகப் புகார் வந்த மூன்றை எடுங்கள். எழுதியதும், எக்ஸ்டென்ஷனைப் பார்த்திராத ஒருவரிடம் அந்த விளக்கத்தை மட்டும் கொடுத்து மாற்றச் சொல்லுங்கள். நீங்கள் வாய் திறக்காதீர்கள். அவர் கேட்கும் முதல் கேள்விக்கான பதிலே விளக்கத்தில் விடுபட்ட வாக்கியம்.

உங்கள் இயல்பு மதிப்பு 500 என்று வைத்துக்கொண்டால், நான் இப்படி எழுதுவேன்: “தட்டச்சை நிறுத்திய பின் எத்தனை மில்லிசெகண்ட் கழித்து ஃபார்மேட் செய்ய வேண்டும். இயல்பு 500. ‘ஆட்டோ ஃபார்மேட்’ அணைந்திருந்தால் இதற்குப் பலன் இல்லை. மாற்றியதும் நடைமுறைக்கு வரும், எடிட்டரை மீண்டும் திறக்கத் தேவையில்லை.”