பயிற்சி மருத்துவர்களுக்கு இடர் மேலாண்மை: கேள்வி பதில்

கேள்வி: வழக்கு வராமல் தற்காத்துக்கொள்வதுதான் இடர் மேலாண்மை என்று எங்கள் பயிற்சி மருத்துவர்கள் நினைக்கிறார்கள். பாடத்தை எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அந்த எண்ணத்தைக் கலைப்பதிலிருந்தே தொடங்குங்கள். வழக்குக்கு அஞ்சும் மருத்துவர் தேவையற்ற பரிசோதனைகளை எழுதுவார், தவறு நேர்ந்தால் மறைக்கவும் முற்படுவார். இரண்டுமே நோயாளிக்குத்தான் ஆபத்து. சட்டத்தைப் பின்னர் சொல்லிக்கொள்ளலாம். முதல் வகுப்புக்கு வின்கிரிஸ்டின் போதும். சிரைவழி மட்டுமே செலுத்த வேண்டிய இந்தப் புற்றுநோய் மருந்து தண்டுவடத் திரவத்தில் தவறுதலாகச் செலுத்தப்பட்டு நோயாளிகள் இறந்த நிகழ்வுகள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. செலுத்தியவர்களில் பெரும்பாலோர் அலட்சியக்காரர்கள் அல்லர். ஒரே வேளையில், ஒரே மாதிரியான சிரிஞ்சுகளில் வின்கிரிஸ்டினும், தண்டுவடத் திரவத்தில் செலுத்த வேண்டிய வேறொரு மருந்தும் அவர்கள் கைக்கு வந்தன. கவனமாக இருங்கள் என்ற அறிவுரையைவிட, வின்கிரிஸ்டினைச் சிரிஞ்சில் தராமல் சிறு திரவப்பையில் கலந்து தரும் ஏற்பாடே வலுவான தடுப்பு. யார் செய்தார் என்பதை விட்டு, எது இதைச் செய்ய விட்டது என்று மாணவர்கள் கேட்கத் தொடங்கினால் பாதிப் பாடம் முடிந்தது.

கேள்வி: பிழைகளைத் தெரிவிக்க இளையவர்கள் அஞ்சுகிறார்களே?

பதில்: மதிப்பெண் போடுபவரிடமே பிழையையும் தெரிவிக்கச் சொன்னால் அஞ்சத்தான் செய்வார்கள். இரண்டையும் பிரித்துவிடுங்கள். தெரிவித்ததால் என்ன மாறியது என்பதை அவர்களுக்குத் திரும்பச் சொல்லுங்கள். பெரும்பாலான துறைகள் இதைத்தான் மறந்துவிடுகின்றன.

கேள்வி: நேரம் குறைவு. ஒன்றே ஒன்றைக் கற்பிப்பதென்றால்?

பதில்: பணிமாற்றத்தின்போது நோயாளிகளை ஒப்படைக்கும் முறை. நோயின் தீவிரம், சுருக்கமான வரலாறு, செய்ய வேண்டியவை, நிலை மோசமானால் எடுக்க வேண்டிய நடவடிக்கை ஆகியவற்றைச் சொன்ன பிறகு, கேட்டவர் அதைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும். அமெரிக்கா, கனடாவின் 9 மருத்துவமனைகளில் குழந்தைநலப் பயிற்சி மருத்துவர்களுக்கு இம்முறையைக் கற்பித்தபோது மருத்துவப் பிழைகள் 23 விழுக்காடு குறைந்ததாக 2014இல் வெளியான ஆய்வு காட்டியது.

கேள்வி: அறுவை அரங்கின் சரிபார்ப்புப் பட்டியல் வெறும் சடங்காகிவிட்டதே?

பதில்: உங்கள் ஐயம் நியாயமானது. உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலை 8 மருத்துவமனைகளில் சோதித்த 2009ஆம் ஆண்டு ஆய்வில் இறப்பு விகிதம் 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. ஆனால், கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் அதைப் பரவலாக நடைமுறைப்படுத்தியபோது குறிப்பிடத்தக்க குறைவு தெரியவில்லை என 2014இல் மற்றோர் ஆய்வு கூறியது. பட்டியலில் குறியிடப் பழக்குவது எளிது. ஐயம் எழும்போது மூத்த அறுவை மருத்துவரை நிறுத்தச் சொல்லும் துணிவை ஒத்திகை வழியாகவே பழக்க முடியும். அந்த ஒத்திகையில் மூத்தவர்களும் பங்கேற்க வேண்டும்.