உறையை வெளியே கொடுக்கலாமா?

கேள்வி: மாதம் 10 வேட்டைக் கத்திகள் செய்கிறேன். நானே தைக்கும் தோலுறையில் அலகு தையலை அறுத்துவிடுகிறது; கத்தியின் பித்தளைப் பகுதியில் பச்சை படிகிறது. வெளியே கொடுத்துவிடலாமா?
– வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: முதலில் குறையைச் சரிசெய்வோம். கூர்ப்பக்கத்தில் இரண்டு தோலுக்கும் நடுவே, அதே 3 மி.மீ. தோலில் 10 மி.மீ. அகலப் பட்டை ஒன்றை வைத்து ஒட்டுங்கள். வெளி விளிம்பிலிருந்து 4 மி.மீ. உள்ளே தையுங்கள். அலகு பட்டையில்தான் உரசும், நூலைத் தொடாது. தோலிலுள்ள எண்ணெயும் அமிலமும் ஈரமும் பித்தளையிலுள்ள செம்போடு வினைபுரிவதால்தான் பச்சை படிகிறது. குரோம் உப்பால் பதனிட்ட தோலில் மிஞ்சும் உப்பும் உலோகத்தை அரிக்கக்கூடும். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்டதைக் கேட்டு வாங்குங்கள் (அந்தப் பட்டையைத் தரும் வாட்டில் மரம் உங்கள் குவாசுலு-நேட்டால் மாகாணத்திலேயே வளர்கிறது!). எந்தத் தோலானாலும் டர்பனின் கடற்காற்றில் கத்தியை உறைக்குள்ளேயே மாதக்கணக்கில் விடாதீர்கள்.

தையலை வேண்டுமானால் வெளியே கொடுங்கள். படம் மட்டும் அனுப்பினால் உறையில் கத்தி ஆடும். கையால் செய்த அலகு ஒன்றுபோல் ஒன்று இராது, கத்தியையே கொடுக்க வேண்டும். தோலைக் கத்தியின் வடிவுக்குப் படியவைக்கும் வார்ப்பு மட்டும் உங்கள் கையில் இருக்கட்டும்: தைத்த உறையை வெதுவெதுப்பான நீரில் நனைத்து, கத்தியை பிளாஸ்டிக் தாளில் சுற்றிச் செருகி, விரலால் அழுத்தி, நிழலில் ஒரு நாள் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் தோல் சுருங்கி வெடிக்கும்.