சே குவேராவின் கைக்கடிகாரத்தைக் கட்டியவர்கள் எல்லாரும் அகால மரணமடைந்தது உண்மையா?

இல்லை. அந்தக் கடிகாரக் கதை நான் எழுதியது.

உங்களுக்கும் வாட்ஸ்அப்பில்தான் வந்திருக்கும். 2008இல் கல்லூரி ஆண்டு மலருக்கு எழுதிய சிறுகதை அது. பொலிவியாவின் லா ஹிகுவேரா கிராமப் பள்ளிக்கூடத்தில் ராணுவம் சே குவேராவைச் சுட்டபோது, மதியம் ஒன்று பத்துக்கு நின்றுபோன கடிகாரம், கட்டியவரை எல்லாம் காவு வாங்கும். கடைசியில் 'முழுவதும் கற்பனை' என்று எழுதியிருந்தேன். பக்கத்தில் இடமில்லை என்று அந்த வரியை எடுத்துவிட்டார்கள். என் இனிஷியலையும் தப்பாகப் போட்டார்கள். புரூஃப் காட்டச் சொல்லி மூன்று முறை நடந்தேன், காட்டவே இல்லை. மாணவன் எழுத்துக்கு அவ்வளவுதான் மரியாதை.

போன மாதம் அதே கதை 'உண்மைச் சம்பவம்' என்ற தலைப்போடு என் சித்தப்பாவிடமிருந்து வந்தது. நூற்பாலையில் முப்பது வருடம் சங்க வேலை பார்த்தவர், கூடத்தில் சே படம் மாட்டியிருப்பவர். கீழே ஒரே வரி எழுதியிருந்தார்: "சே சாபம் விடுற ஆளாடா?" அன்றிரவு எனக்குத் தூக்கமே இல்லை.

கதையில் வரும் சாவுகள் நிஜம்தானே என்பீர்கள். நிஜம்தான். பொலிவிய அதிபர் பாரியெந்தோஸ் 1969இல் ஹெலிகாப்டர் விழுந்து இறந்தார். பொலிவிய உளவுத்துறை அதிகாரி கின்தனில்யாவை 1971இல் ஹாம்பர்க்கிலும், சேவைப் பிடித்த படைக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் செந்தேனோவை 1976இல் பாரிஸிலும் சுட்டுக் கொன்றார்கள். பொலிவியாவிலேயே இதைச் 'சேவின் சாபம்' என்பவர்கள் உண்டு. ஆனால் சேவை நேருக்கு நேர் நின்று சுட்ட மாரியோ தெரான் 80 வயது வரை வாழ்ந்து 2022இல்தான் இறந்தார். அவருடைய கண்புரையை இலவசமாக எடுத்துப் பார்வை கொடுத்தவர்கள் கியூபா மருத்துவர்கள். கதை கெட்டுவிடும் என்று அவரை நான் விட்டுவிட்டேன். அது என் தப்பு.

நான் சே பக்தன் இல்லை. கியூபாவின் லா கபான்யா கோட்டையில் அவர் பொறுப்பில் நடந்த மரண தண்டனைகளைப் பற்றியும் படித்திருக்கிறேன், அதை யாரும் எனக்கு நினைவூட்ட வேண்டாம்.

அப்புறம், நிஜமாகவே ஒரு கடிகாரம் உண்டு. 1967 ஜூன் 26 அன்று பொலிவியாவில் குண்டடிபட்டு விழுந்த, சேவின் கெரில்லாப் படைத் தோழர் டூமா, தன் கடிகாரத்தைக் கழற்றி சேவிடம் சேர்க்கச் சொல்லிக் கொடுத்தார். டூமா முகமே பார்த்திராத தன் மகனுக்குப் போக வேண்டியது அது. போர் முடியும்வரை அதைக் கட்டிக்கொள்வேன் என்று அன்றைய நாட்குறிப்பில் சே எழுதினார். பிடிபட்டபோதும் அது அவரிடம் இருந்தது. சித்தப்பாவுக்கு நேற்று இதைத்தான் அனுப்பினேன்.